மிடில் தீவு அமிழ்குழியின் நுண்ணுயிர்ப் பாய்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், அல்பீனா நகரை அடுத்த ஹியூரான் ஏரியில், ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில் உள்ள நீரடிக் குழியே மிடில் தீவு அமிழ்குழி. 2001-இல் அந்த ஏரியின் தண்டர் பே பகுதியில் மூழ்கிய கப்பல்களைத் தேடியவர்கள் கண்ணில் இத்தகைய குழிகள் தற்செயலாகத் தட்டுப்பட்டன. ஏரிக்கடியில் உள்ள சுண்ணாம்புப் பாறையை நிலத்தடி நீர் அரித்ததால் உண்டானவை இவை.

குழிக்குள் ஊறிவரும் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. சல்பேட்டும் குளோரைடும் மிகுதி. உப்பால் கனத்திருப்பதால் அது ஏரி நீரோடு எளிதில் கலவாமல் தரையோடு படிந்து கிடக்கிறது. மீன்களுக்கு ஆகாத இந்த இடத்தில் சயனோபாக்டீரியா இழைகள் ஊதா நிறப் பாயாகப் படர்ந்துள்ளன. தடிமன் சில மில்லிமீட்டர்தான். அடிச்சேற்றில் உருவாகும் மீத்தேன், ஐதரசன் சல்பைடு வாயுக்கள் முட்டும்போது, பாய் ஆங்காங்கே விரல்களாக எழும்பி நிற்கிறது.

பாயின் நிறம் நாளுக்கு இருமுறை மாறும். இரவில் கந்தகத்தை உண்டு வாழும் வெண்ணிற பாக்டீரியாக்கள் மேலேறி ஊதாவை மூடிவிடும். விடிந்ததும் அவை கீழிறங்க, சயனோபாக்டீரியா வெளிச்சத்துக்கு வரும். ஆனால் இந்த இடமாற்றம் உடனே நடப்பதில்லை. வெள்ளைப் படலம் விலகும்வரை ஒளி மறைபடுவதால், ஆக்சிஜன் உற்பத்தி காலையில் சில மணி நேரம் தாமதமாகவே தொடங்குகிறது. சல்பைடு மிகுந்திருக்கும்போது இதே சயனோபாக்டீரியா ஆக்சிஜனை வெளிவிடாத ஒளிச்சேர்க்கையும் செய்யும்.

ஜூடித் கிளாட், கிரகரி டிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2021-இல் 'நேச்சர் ஜியோசயன்ஸ்' இதழில் இந்தக் காலைத் தாமதத்தை அடிப்படையாகக் கொண்டு ஒரு கருத்தை முன்வைத்தனர். தொல்பழங்காலத்தில் பூமி வேகமாகச் சுழன்றதால் பகல் குறுகியதாக இருந்தது. சுழற்சி தளர்ந்து பகல் நீண்டபோதுதான் அன்றைய நுண்ணுயிர்ப் பாய்களிலிருந்து கூடுதல் ஆக்சிஜன் வெளியேறியது என்பது அவர்கள் வாதம். மாதிரிக் கணக்கீடுகள் இதற்குத் துணைநிற்கின்றன. என்றாலும் ஆக்சிஜன் பெருகியதற்கு இது ஒன்றே காரணம் என்று கொள்வது மிகை.

இதே ஏரியில் 93 மீட்டர் ஆழத்தில் இன்னோர் அமிழ்குழி உண்டு. வெளிச்சம் எட்டாத அங்கே ஊதாப் பாய் இல்லை. வேதிச்சேர்க்கையால் வாழும் வெண்ணிறப் படலங்களே உள்ளன.