கம்பளி ஆலையிலிருந்து வீட்டுப் புல்தரைக்கு: கையால் தள்ளும் புல்வெட்டியின் வரலாறு

எஞ்சினோ மின்சாரமோ இன்றி, ஓர் ஆள் கைப்பிடியைப் பற்றித் தள்ளிச் செல்லும்போதே புல்லைக் கத்தரிக்கும் பொறியை வாங்க முற்படும் வீட்டுக்காரர், அதன் வெட்டும் அகலம், எடை, கத்திகளின் எண்ணிக்கை, பின்னே உருளை பூண்டதா பக்கங்களில் சக்கரம் பூண்டதா என்னும் நான்கு செய்திகளையே பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். இந்த நான்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் பட்டறைகளில் நீண்ட காலம் சோதித்துப் பார்க்கப்பட்டவை. அவை ஒவ்வொன்றும் எந்தத் தேவையிலிருந்து எழுந்தது என்பதை அறிந்தால், எந்தப் பொறி எந்தப் புல்தரைக்குப் பொருந்தும் என்பதும் தானே விளங்கும்.

புல்வெட்டி தோன்றுவதற்கு முன்பு, ஒட்ட வெட்டிய பசும்புல்தரை செல்வர்களின் உடைமையாகவே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கேப்பபிலிட்டி பிரவுன் போன்ற தோட்டக் கலைஞர்கள் மாளிகையின் வாயில்வரை புல்வெளியைப் பரப்பியபோது, அதன் தொலைவான பகுதிகளை ஆடுகள் மேய்ந்து குறைத்தன. மாளிகைக்கு அருகிலிருந்த பகுதிகளையோ மனிதர்களே வெட்ட வேண்டியிருந்தது. நின்றபடியே இரு கைகளாலும் வீசி அறுக்கத்தக்க, நீண்ட மரப்பிடியில் வளைந்த அலகு பொருத்திய பெரிய அரிவாளே அவர்களுடைய கருவியாகும். உலர்ந்த புல் அலகுக்கு முன் வளைந்து நழுவிவிடும் என்பதால், பனி ஈரத்தில் புல் விறைப்பாக நிற்கும் விடியற்காலையிலேயே அவர்கள் வேலையைத் தொடங்கினர். பின்னால் வந்தவர்கள் வெட்டுண்ட புல்லைத் துடைப்பத்தால் கூட்டி வாரினர். அரிவாள் ஓடிய வளைவுத் தழும்புகள் தரையில் தெரியாதவாறு சீராக அறுப்பது பல ஆண்டுப் பயிற்சியால் மட்டுமே கைவரும் திறமையாக இருந்தது. கோடை முழுவதும் இத்தனை பேரின் உழைப்பை விலைக்கு வாங்க முடிந்தவரே புல்தரை வைத்துக்கொள்ள முடிந்தது.

இந்த நிலையை மாற்றிய கருத்து தோட்டத்திலிருந்து வராமல், கம்பளித் துணி ஆலையிலிருந்து வந்தது. குளொஸ்டர்ஷயரிலுள்ள ஸ்ட்ரௌட் நகரைச் சுற்றிய பள்ளத்தாக்குகள், விரைந்தோடும் சிற்றாறுகளின் நீர்விசையால் ஆலைகளை இயக்கி, படைவீரர்களின் சீருடைக்கான செந்நிறக் கம்பளித் துணிக்குப் பெயர் பெற்றிருந்தன. நெய்து முடித்த கம்பளியை நீரில் இட்டு இடித்து இறுக்கிய பின், முள் நிறைந்த ஒருவகைச் செடியின் உலர்ந்த பூத்தலைகளால் அதன் மேற்பரப்பை வருடி இழை நுனிகளை எழுப்புவர். அவ்வாறு எழுந்த நுனிகளை ஒரே மட்டமாகக் கத்தரித்த பின்னரே துணி வழவழப்புப் பெற்றது. கத்தரிக்கும் இந்த வேலையைச் செய்தவர்கள், ஒருவர் தூக்கிக் கையாள்வதே கடினமான மாபெரும் கத்தரிகளைப் பயன்படுத்திய கைவினைஞர்கள். ஆலைத் தொழிலாளரில் கூலியாலும் மதிப்பாலும் உயர்ந்து நின்றவர்கள்.

அந்த மதிப்பைப் பொறிகள் அழித்த கதையைப் புல்வெட்டியின் வரலாற்றிலிருந்து பிரித்துவிடக் கூடாது. நுனிகளை எழுப்பும் பொறியும் கத்தரிக்கும் பொறியும் ஆலைகளில் நுழைந்தபோது, அண்டை மாவட்டமான வில்ட்ஷயரில் 1802இல் கத்தரிப்புத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். ஓர் ஆலையை எரித்த குற்றத்திற்காகத் தாமஸ் ஹெலிக்கர் என்னும் பயிற்சித் தொழிலாளி 1803 மார்ச் மாதத்தில், தனது பத்தொன்பதாம் பிறந்தநாளன்று தூக்கிலிடப்பட்டார். 1812இல் யார்க்ஷயரில் கத்தரிப்புப் பொறிகளை உடைத்த லட்டைட்டுகளும் இதே தொழிலைச் சேர்ந்தவர்களே. எனினும் பொறிகள் நிலைத்துவிட்டன. ஸ்ட்ரௌடுக்கு அருகிலுள்ள பிரிம்ஸ்கோம் ஊரைச் சேர்ந்த ஜான் லூயிஸ் 1815இல் காப்புரிமை பெற்ற பொறியில், திருகு போல் முறுக்கி அமைந்த கத்திகள் ஓர் அச்சைச் சுற்றிச் சுழன்று, அசையாத மற்றொரு கத்தியின் விளிம்பை உரசி இழை நுனிகளைக் கத்தரித்தன. சுழலும் அலகும் நிலையான அலகும் சேர்ந்து கத்தரிக்கோலின் இரு தாள்களைப் போல் இயங்கும் இந்த அமைப்பே புல்வெட்டியின் உயிர்நாடி.

அதே குளொஸ்டர்ஷயரின் ஈஸ்டிங்டனில் 1796இல் பிறந்த எட்வின் பியர்ட் பட்டிங், இத்தகைய ஆலைப் பொறிகளோடு பழகிய கைதேர்ந்த பொறிவல்லுநர். துணியின் நுனிகளை வெட்டும் கத்தி புல்லின் நுனிகளையும் வெட்டும் என்று கண்டுகொண்ட அவர், ஸ்ட்ரௌடுக்கு அருகிலுள்ள த்ரப் ஊரில் ஃபீனிக்ஸ் வார்ப்பாலையை நடத்திய ஜான் ஃபெராபியோடு 1830 மே மாதத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டார். பொறியை உருவாக்கும் செலவையும் காப்புரிமைச் செலவையும் ஃபெராபி ஏற்க, ஆதாயம் இருவருக்கும் பொதுவாயிற்று. காப்புரிமை அதே ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் வழங்கப்பட்டது. அதற்கு மூன்று நாள் முன்புதான் கென்ட் மாவட்டத்தில் வேளாண் தொழிலாளர்கள் கதிரடிக்கும் பொறி ஒன்றை முதன்முதலாக உடைத்து, ஸ்விங் கலகம் என்று பெயர்பெற்ற பெருங்கிளர்ச்சியைத் தொடங்கியிருந்தனர். தென் இங்கிலாந்தின் கூலியாட்கள் பொறிகளைக் கண்டு கொதித்தெழுந்த அதே வாரத்தில், அவர்களுடைய இன்னொரு வேலையையும் குறைக்கவிருந்த பொறி சட்டப்படி பிறந்தது என்பது வரலாற்றாசிரியர் கடந்து செல்லத்தக்க செய்தியன்று.

பட்டிங்கின் பொறி 19 அங்குல அகலத்தை வெட்டியது. வார்ப்பிரும்புச் சட்டத்தின் பின்புறத்தில் அமைந்த கனத்த உருளை தரையில் உருளும்போது, அதன் சுழற்சியைப் பற்சக்கரங்கள் பெருக்கி, முறுக்கிய கத்திகளைத் தாங்கிச் சுழலும் கத்தி உருளைக்குக் கொண்டு சென்றன. கத்திகள் நிலைக்கத்தியோடு சேர்ந்து புல்லைக் கத்தரித்து, முன்னே இருந்த தட்டில் எறிந்தன. நிலைக்கத்தி என்பது கத்தி உருளையின் அடியில் குறுக்காக அசையாமல் நிற்கும் தட்டையான எஃகு அலகு. வெட்டும் உயரத்தை மாற்றிக்கொள்ளவும் வழி இருந்தது. பொறியின் எடை மிகுதியாக இருந்தமையால், ஒருவர் பின்னிருந்து தள்ளும்போது மற்றொருவர் முன்னிருந்து இழுப்பதற்கென இரண்டாவது கைப்பிடியும் சேர்க்கப்பட்டது. உலர்ந்த புல்லை நன்றாக வெட்டியது இதன் பெருஞ்சிறப்பு. விடியற்காலைப் பனிக்காகக் காத்திருந்த பழைய முறை அத்துடன் தேவையற்றதாயிற்று.

தொடக்கத்தில் வாங்கியவற்றுள் லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவிலிருந்த விலங்கியல் தோட்டமும் ஒன்று. அங்கிருந்த மேற்பார்வையாளர், அரிவாளும் துடைப்பமும் கொண்டு ஆறு முதல் எட்டு ஆட்கள் செய்யும் வேலையை இப்பொறியுடன் இரண்டு ஆட்களே, தரையில் தழும்பு விழாமல் முடித்துவிடுகின்றனர் என்று சான்றளித்தார். தோட்டக்கலை இதழாசிரியர் ஜான் கிளாடியஸ் லவுடன் இதனை மனமுவந்து வரவேற்றார். நாட்டுப்புறக் கனவான்கள் தாமே இதைத் தள்ளி உடற்பயிற்சி பெறலாம் என்று பட்டிங் தமது காப்புரிமை விளக்கத்திலேயே கூறியிருந்தார். அவ்வாறு தாமே உழைக்க விரும்புவோருக்குச் சிறிய பொறி 7 கினிக்கும், வேலையாட்களுக்குரிய பெரிய பொறி 10 கினிக்கும் விற்கப்பட்டன. ஒரு கினி 21 ஷில்லிங். தென் இங்கிலாந்தில் ஒரு வேளாண் கூலியாள் வாரம் ஏறத்தாழ 10 ஷில்லிங் ஈட்டிய அக்காலத்தில், சிறிய பொறியின் விலையே அவனுடைய மூன்று மாதக் கூலிக்கும் மேற்பட்டது. ஆகவே வீட்டுப் புல்தரை எல்லோருக்கும் உரியதாவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

1832இல் இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று இப்பொறியைத் தயாரிக்கத் தொடங்கியது. பட்டிங்கின் காப்புரிமை ஸ்காட்லாந்துக்குச் செல்லாது என்பதால், ஆர்புரோத் நகரத்தின் அலெக்சாண்டர் ஷாங்ஸ் 1840களின் தொடக்கத்தில் மட்டக்குதிரை இழுக்கும் அகலமான பொறிகளைச் செய்தார். குளம்புகள் புல்தரையைக் குழியாக்காதிருக்கக் குதிரைகளுக்குத் தோல் காலணிகள் அணிவிக்கப்பட்டன. லீட்ஸின் தாமஸ் கிரீன் பற்சக்கரங்களுக்கு மாற்றாகச் சங்கிலியைப் பயன்படுத்தி, பொறியின் இரைச்சலையும் அதைத் தள்ளும் பளுவையும் குறைத்தார். பட்டிங்கோ 1846இல் டர்ஸ்லியில் இறந்தார். தம் பொறி பரவிய காலத்தைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

உண்மையான திருப்பம் 1860களின் இறுதியில் வந்தது. மான்செஸ்டரின் ஃபாலோஸ் அண்ட் பேட் நிறுவனம் 1869இல் பின்னுருளையை நீக்கிவிட்டு, இரு பக்கங்களிலும் பெரிய சக்கரங்களைப் பொருத்தி, அவற்றினுள் மறைந்த பற்சக்கரங்களால் கத்தி உருளையைச் சுழற்றும் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் கனெக்டிகட்டின் அமரையா ஹில்ஸ் 1868இல் காப்புரிமை பெற்றதிலிருந்து, எடை குறைந்த பொறிகள் அங்கேயும் பெருகின. எடை குறைந்ததால் ஒருவரே எளிதில் தள்ள முடிந்தது. பாகங்கள் குறைந்ததால் விலையும் இறங்கியது. ஆனால் இவ்வமைப்புக்கு ஒரு குறை இருந்தது: கத்தி உருளை இரு சக்கரங்களுக்கும் நடுவில் அமைவதால், சுவரோரத்திலும் பாத்தி ஓரத்திலும் சக்கரத்தின் அகலமளவு புல் வெட்டப்படாமல் நின்றது. இந்தக் குறையையும், வெட்டுண்ட புல் பொறியினுள் அடைத்துக்கொள்வதையும் தீர்க்க முனைந்து 1899 மே 9ஆம் நாள் காப்புரிமை பெற்றவர், ஆப்பிரிக்க அமெரிக்கரான ஜான் ஆல்பர்ட் பர்.

பொறி மலிவானதும் புல்தரைக்குப் புதிய பயன்கள் தோன்றின. 1868இல் குரோக்கே ஆட்டத்துக்கெனத் தொடங்கிய விம்பிள்டன் மன்றம் 1877இல் தன் முதல் டென்னிஸ் போட்டியை நடத்தியது. ஒட்ட வெட்டிய சமதளப் புல் இல்லாமல் அந்த ஆட்டமே இல்லை. அமெரிக்காவில் ஃபிராங்க் ஜே. ஸ்காட் 1870இல் வெளியிட்ட நூலில், புறநகர் வீடுகளின் முன்புறப் புல்தரை வேலியின்றித் தெருவுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். பின்னர் பொறியும் மாறியது: 1902இல் ரான்சம்ஸ் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1950களுக்குப் பின் படுக்கைவாட்டில் சுழலும் ஒற்றை அலகுப் பொறிகள் வீடுகளை நிறைத்தன. இவை புல்லைக் கத்தரிப்பதில்லை. மிகுந்த வேகத்தால் அடித்து அறுக்கின்றன, ஆகவே அலகு சற்று மழுங்கினாலும் புல்லின் நுனி கிழிந்து பழுப்பேறுகிறது. அந்த வேகத்தை மனித உடலால் தர இயலாது என்பதால்தான், கையால் தள்ளும் பொறி இன்றளவும் பட்டிங்கின் உருளைக் கத்தியையே கொண்டிருக்கிறது.

இன்று ஒரு பொறியைத் தேர்பவர் இந்த வரலாற்றின் இரு கிளைகளுள் ஒன்றைத் தேர்கிறார். பின்னுருளை பூண்டது பாத்தி விளிம்பைத் தாண்டியும் நிலையாக ஓடும். புல்லை ஒரு பக்கம் சாய்த்து, மாறி மாறித் தெரியும் பட்டைகளை உண்டாக்கும். ஆனால் கனமானது, மேடு பள்ளமற்ற தரையை வேண்டுவது. பக்கச் சக்கரம் பூண்டது இலேசானது, ஒழுங்கற்ற தரையிலும் ஓடக்கூடியது, விளிம்புகளை மட்டும் கையால் வெட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். கத்திகள் மிகுந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் இடையிலான தொலைவு குறைந்து தரை நேர்த்தியாகும், ஆனால் தள்ளும் வலு கூடுதலாக வேண்டும். விளையாட்டுத் திடலுக்கு எட்டு, பத்து கத்திகள் தகும், வீட்டுக்கு ஐந்தே போதுமானவை. அகலமும் அவ்வாறே: அகலம் கூடினால் நடை குறையும், பளு கூடும்.

புல்லின் இனத்தையும் கருத வேண்டும். வெப்ப நாட்டுப் புல்தரைகளில் பரவலாக வளர்க்கப்படும் அறுகம்புல் ஒட்ட வெட்டுவதைத் தாங்குவதால் உருளைக் கத்திக்கு மிகப் பொருத்தமானது. மூன்று அங்குல உயரத்தில் விடவேண்டிய குளிர்நாட்டுப் புல்வகைகளுக்கோ, பல பொறிகள் அவ்வளவு உயரத்திற்கு உயர்த்த இடம் தருவதில்லை. உயரமாக வளர்ந்துவிட்ட புல்லை உருளைக் கத்தி வெட்டாமல் மடக்கிச் சாய்த்துவிடும் என்பதால், வளரும் பருவத்தில் வாரந்தோறும், ஒருமுறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வெட்டிவர வேண்டும். அவ்வாறு வெட்ட இயலாதவர் இப்பொறியை வாங்காதிருத்தல் நலம். வாங்குபவரோ, விலைக்கும் நிறத்திற்கும் முன்பாக, நிலைக்கத்தியைக் கத்தி உருளையோடு நெருக்கவும் விலக்கவும் உதவும் திருகுகள் எளிதில் இயங்குகின்றனவா என்று பார்க்கட்டும். இரண்டுக்கும் இடையில் செருகிய தாள் உருளையை மெல்லச் சுழற்றியதும் அலகின் நீளம் முழுவதிலும் துண்டாகுமானால், அந்தப் பொறியை நம்பி வாங்கலாம்.