'மாரிஸ்' நாவலும் திருச்சபையின் மௌனமும்

கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றில் மாணவர் சிலர் கிரேக்க நூல் ஒன்றை வாய்மொழியாக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கின்றனர். ஆண்கள் இருவரிடையே எழும் காதலைப்பற்றிய பகுதி வருகிறது. டீன் பதவியிலிருந்த ஆசிரியர், குரலில் எவ்வித ஏற்ற இறக்கமுமின்றி, அப்பகுதியை விட்டுவிடும்படி பணிக்கிறார். மாணவரும் விட்டுவிட்டு மேலே செல்கின்றனர். ஈ. எம். ஃபார்ஸ்டர் எழுதிய 'மாரிஸ்' என்னும் நாவலில் வரும் சிறியதோர் நிகழ்ச்சி இது. ஆயினும் ஐரோப்பிய இலக்கியமும் கிறிஸ்தவச் சமுதாயமும் தன்பாலீர்ப்புடைய மாந்தரை நெடுங்காலம் நடத்திய முறை முழுவதும் இவ்வொரு காட்சியில் அடங்கியுள்ளது எனலாம். அவர்களைக் கண்டிப்பதற்கும் முன்னதாக, அவர்களைப்பற்றிய வரிகளை வாசியாமல் தாண்டிச் செல்வதே வழக்கமாயிருந்தது.

அந்த நாவலுக்கும் அதே கதி நேர்ந்தது. 1913ஆம் ஆண்டு தொடங்கி 1914இல் எழுதி முடிக்கப்பெற்ற அந்நூல், 1971ஆம் ஆண்டுதான் அச்சேறியது. ஆசிரியர் அதற்கு முந்திய ஆண்டு ஜூன் மாதம், தமது 91ஆம் வயதில் காலமாகியிருந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அக்கையெழுத்துப் பிரதி நண்பர் சிலருடைய கைகளில் மட்டுமே உலவிற்று. இதன் வரலாற்றைத் திருச்சபை வரலாற்றின் ஒரு பகுதியாகவே நாம் இங்கு நோக்க விரும்புகிறோம். அதற்குக் காரணம் உண்டு.

ஃபார்ஸ்டர் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். அவருடைய கொள்ளுப்பாட்டனார் ஹென்றி தார்ன்டன், வில்பர்ஃபோர்ஸுடன் சேர்ந்து கிளாபம் குழுவினரின் தலைவர்களில் ஒருவராக விளங்கியவர். அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பாடுபட்டவர்களும், 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தின் வாயிலாக மிஷனெரிமாருக்கு இந்தியாவின் கதவைத் திறந்துவைத்தவர்களும் இக்குழுவினரே என்பதை நம் மாணவர் அறிவர். ஃபார்ஸ்டரின் பாட்டனார் ஒரு குருவானவர். 1887இல் இறந்த பெரிய அத்தைப்பாட்டி மேரியான் தார்ன்டன், எட்டு வயதுச் சிறுவனாயிருந்த அவருக்கு 8,000 பவுன் விட்டுச்சென்றார். அப்பணமே அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிற்று. வேறு பிழைப்பின்றி எழுத்தாளராக வாழவும் வைத்தது. கேம்பிரிட்ஜில் அவர் தம் விசுவாசத்தை இழந்தார். எனினும், மனச்சாட்சியின் குரலுக்குச் செவிகொடுக்கவேண்டும் என்னும் கிளாபம் மரபின் பிடிவாதம் அவரை விட்டு நீங்கவில்லை என்பது அவர் நூல்களைக் கற்போருக்குப் புலப்படும்.

நாவல் பிறந்த கதை இன்னும் வியப்பானது. 1912-13இல் இந்தியாவில் பயணம் செய்து திரும்பிய ஃபார்ஸ்டர், அதே 1913இல் ஷெஃபீல்டு நகருக்கு அருகிலுள்ள மில்தார்ப் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கு எட்வர்டு கார்ப்பெண்டர், ஜார்ஜ் மெரில் என்னும் உழைப்பாளி வகுப்பைச் சேர்ந்த தம் துணைவரோடு வெளிப்படையாகவே வாழ்ந்துவந்தார். அவ்வீட்டிற்குச் சென்றபோதுதான் நாவல் முழுவதும் தம் உள்ளத்தில் ஒருங்கே உருவாயிற்று என்று ஃபார்ஸ்டர் பிற்காலத்தில் எழுதினார். இந்தக் கார்ப்பெண்டரும் ஒருகாலத்தில் திருப்பணிவிடையாளராயிருந்தவர். கேம்பிரிட்ஜில் புனித எட்வர்டு ஆலயத்தில் உதவிக்குருவாக அவர் பணிசெய்தபோது அங்குத் தலைமைக் குருவாயிருந்தவர் இறையியலார் எஃப். டி. மாரிஸ்! நித்திய ஆக்கினை பற்றிய கருத்துக்காக 1853இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட அதே மாரிஸ்தான். நாவலின் கதைத்தலைவனுக்கும் அப்பெயரே அமைந்திருப்பது தற்செயலாகவே இருக்கலாம். அதன்மேல் நாம் எதனையும் கட்டி எழுப்ப முயலவில்லை.

கார்ப்பெண்டர் 1874இல் குருத்துவப் பணியைத் துறந்தார். அவர் வாழ்வில் தமிழர் ஒருவருக்கும் பெரும் பங்கு உண்டு. இலங்கைத் தமிழரான பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜில் கற்றபோது அவருடைய நண்பரானார். அந்நட்பை முன்னிட்டே கார்ப்பெண்டர் 1890இல் இலங்கைக்கு வந்து, அருணாசலத்தின் குருவான தமிழ் ஞானி ஒருவரிடம் சைவ நெறியின் உட்பொருளைக் கேட்டறிந்தார். தம் சொந்தச் சபையில் எவரிடமும் மனந்திறந்து பேச இயலாத ஒரு முன்னாள் குருவானவர், கடல் கடந்து வந்து சைவப் பெரியார் ஒருவரின் காலடியில் அமர்ந்தார் என்பது நமக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கவேண்டும்.

இனி, நாவல் ஏன் மறைத்துவைக்கப்பட்டது என்பதைக் காண்போம். 1885ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி ஆண்களுக்கிடையே நிகழும் எவ்வித உறவும், தனியிடத்தில் நிகழ்ந்தாலும், இங்கிலாந்தில் குற்றமாகும். 1895இல் ஆஸ்கார் வைல்டு இரண்டாண்டுக் கடுங்காவல் பெற்றது இச்சட்டத்தின்படியே. ஆனால், சட்டத்திற்கு அஞ்சியது மட்டும் காரணமன்று. கதையின் முடிவே தடையாயிருந்தது என்று 1960இல் எழுதிய பின்னுரையில் ஃபார்ஸ்டர் தெளிவாகக் கூறுகிறார். கதைத்தலைவன் தூக்கிலிட்டுக்கொண்டோ, இருவரும் நஞ்சருந்தியோ மடிந்திருந்தால் நூலை வெளியிடுவதில் இடையூறு இராது. கதையிலாவது இருவர் அன்புகொண்டு என்றென்றும் சேர்ந்து வாழவேண்டும் என்று தாம் உறுதிகொண்டதே இடராயிற்று என்பது அவர் கருத்து. நம் ஆய்வுக்கு உயிர்நாடியான செய்தி இதுவே. இத்தகைய மாந்தரைக் கதையில் காட்டலாம். ஆனால், இறுதி ஏட்டில் அவர்களைக் கொன்றுவிடவேண்டும். வாசகருக்கும் இரக்கப்பட ஒரு வாய்ப்புக் கிட்டும், ஒழுக்கமும் காக்கப்படும்.

துயர முடிவுகூட எப்போதும் காப்பாற்றவில்லை. ராட்கிளிஃப் ஹால் அம்மையாரின் 'தனிமையின் கிணறு' 1928இல் வெளிவந்தது. அவர் கத்தோலிக்க விசுவாசி. அந்நாவல் பிரிவில் முடிகிறது. கடவுளை நோக்கிய மன்றாட்டோடு முடிகிறது. அவ்வாண்டு நவம்பரில் லண்டன் நீதிபதி அதை அழிக்க ஆணையிட்டார். அத்தகைய இயல்புடையோர் சிறிதளவேனும் பழிக்கத்தக்கவர் என்னும் குறிப்பு நூலில் எங்கும் இல்லை என்பதே அவர் கண்ட பெருங்குறை. அதாவது, நூல் கூறுவது உண்மையா பொய்யா என்பது அங்கு வழக்கே அன்று. கண்டனம் இருக்கிறதா என்பதே வழக்கு. இந்நூலுக்காக வர்ஜீனியா உல்ஃபுடன் சேர்ந்து பத்திரிகையில் குரலெழுப்பிய ஃபார்ஸ்டர், தம்முடைய நூலையோ பெட்டியில் பூட்டியே வைத்திருந்தார்.

நாவலில் திருச்சபை எவ்வாறு காட்சியளிக்கிறது? இளைஞர் இருவரும் திருவிருந்தில் பங்கேற்பதை நிறுத்துவதால் வீட்டில் உண்டாகும் சலசலப்பை ஃபார்ஸ்டர் ஏறக்குறைய நகைச்சுவையாகவே எழுதுகிறார். ஆனால் போரேனியஸ் என்னும் குருவானவரை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. பண்ணைக் காவலாளான அலெக் ஸ்கடர் இன்னும் திடப்படுத்தல் பெறவில்லை என்பதை அறிந்து அவர் கவலைகொள்கிறார். அவன் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறும் நாளில், அங்குள்ள குருவுக்கு எழுதிய அறிமுகக் கடிதத்துடன் சவுதாம்ப்டன் துறைமுகத்திற்கே வந்துவிடுகிறார். அலெக் வரவில்லை. துறைமுகத்தில் நிற்கும் மாரிஸின்மேல் அவர் பார்வை விழுகிறது. தம் உள்ளம் படிக்கப்பட்டுவிட்டதாக மாரிஸ் அஞ்சுகிறான். தாய், சகோதரிகள், மருத்துவர், பழைய நண்பன் ஆகிய எவருக்கும் தோன்றாத உண்மையை நெருங்கி வருபவர் இக்குருவானவர் ஒருவரே. ஆனால் அவர் வேவுகாரராக நெருங்குகிறார், மேய்ப்பராக அல்ல. ஒரு மனிதனின் ஆத்துமாவைப்பற்றி இத்தனை அக்கறை கொண்டவர், அவனிடம் ஒரு கேள்விகூட நேரில் கேட்பதில்லை. ஃபார்ஸ்டர் குருமாரை மெல்லிய கேலிச்சித்திரமாகவே தீட்டினார் என்னும் குறையை ஏற்றுக்கொள்வோம். ஆயினும் இச்சித்திரம் நம் பணியறையின் சுவரிலே மாட்டத்தக்கது.

வரலாறு வேறொரு பக்கத்தையும் காட்டுகிறது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஒழுக்க நல மன்றம் 1954இல் இப்பொருள்பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தனியிடத்தில் வயதுவந்தோரிடையே நிகழ்வதைக் குற்றமாகக் கருதும் சட்டத்தை மறுஆய்வு செய்யவேண்டுமென அது வற்புறுத்திற்று. அப்பணியில் முன்னின்ற டெரிக் ஷெர்வின் பெய்லி என்னும் குருவானவர், சோதோம் பற்றிய மரபுவழி விளக்கத்தை 1955இல் தமது நூலில் மீளாய்வு செய்தார். 1957இல் வந்த உல்ஃபென்டன் அறிக்கை சட்டத்தைத் தளர்த்தப் பரிந்துரைத்தது. 1965இல் பேராயர் மைக்கேல் ராம்சே பிரபுக்கள் சபையில் சட்டத்திருத்தத்தை ஆதரித்துப் பேசினார். அச்செயல்கள் பாவம் என்னும் நிலையிலிருந்து அவர் விலகவில்லை. பாவமான யாவும் குற்றமாகவேண்டியதில்லை என்பதே அவர் வாதம். 1967இல் சட்டம் நிறைவேறிற்று. இப்பரிந்துரை ஏற்கப்படப்போவதில்லை என்று 1960இல் மனங்கசந்து எழுதிய ஃபார்ஸ்டர், திருச்சபையின் மேலாளர்களிடமிருந்து இத்துணை உதவி வரும் என்று எதிர்பார்த்திருக்கமாட்டார். ஆனாலும் சட்டம் மாறிய பின்னும் அவர் மூன்றாண்டு உயிரோடிருந்தார், நூலை வெளியிடவில்லை. சட்டம் போனபின்னும் அச்சம் தங்கியிருக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்நாவல் உண்மையான சித்திரம்தானா என்று வினவினால், முழுமையாக ஆம் எனச் சொல்ல நம்மால் இயலாது. நண்பர் லிட்டன் ஸ்ட்ராச்சி 1915இலேயே, மாரிஸும் அலெக்கும் நெடுங்காலம் சேர்ந்திருக்கமாட்டார்கள் என்று எழுதிவிட்டார். உடலுறவின் அனுபவமே இல்லாத காலத்தில் ஃபார்ஸ்டர் இதனை எழுதினார். பெண்பாத்திரங்கள் நிழல்போல் வந்து செல்கின்றனர். செல்வந்தனும் ஏவலாளனும் ஓர் இரவில் வகுப்பு வேற்றுமையைக் கடந்துவிடுவதும் நம்பத்தகுந்ததாயில்லை. இருவரும் விறகுவெட்டிகளாக வாழ்வதைக் காட்டும் பின்கதை ஒன்றை எழுதிப்பார்த்து, அது ஒருவருக்கும் பிடிக்காமையால் ஆசிரியரே நீக்கிவிட்டார். அனுபவம் இருந்தால் மட்டும் உண்மை வந்துவிடும் என்போர் இந்நூலைக் கவனிக்கவேண்டும். இங்கு உண்மையாயிருப்பது முடிவன்று. மாரிஸ் குடும்ப மருத்துவரிடம் சென்று தன் நிலையைச் சொல்லும் காட்சியே. மருத்துவர் அவன் கூறுவதைக் கேட்கவும் மறுத்து, அது அபத்தம் எனத் தள்ளுகிறார். அக்காட்சியை அத்தகைய தனிமையை அறிந்த ஒருவரே எழுதியிருக்க முடியும்.

1987இல் இஸ்மாயில் மெர்ச்சண்டும் ஜேம்ஸ் ஐவரியும் இதனைத் திரைப்படமாக்கினர். பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் மெர்ச்சண்ட். அமெரிக்கரான ஐவரியின் தொழில்துணை மட்டுமன்றி, வாழ்க்கைத்துணையும் அவரே. 2005இல் மெர்ச்சண்ட் மறைந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரே ஐவரி இதைப்பற்றி வெளிப்படையாகப் பேசினார். இத்தகைய காதலை மறைவின்றித் திரையில் காட்டியவர்கள், தம் வாழ்வைப்பற்றி மறைவு காத்தனர் என்பதைக் குறைகூறும் நோக்கில் நாம் சொல்லவில்லை. நூலின் உரிமை கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிடம் இருந்தது. ஃபார்ஸ்டரின் புகழுக்கு இது ஏற்றதாகுமோ என்று அக்கல்லூரி முதலில் தயங்கிற்று. படம் வெனிஸ் விழாவில் இயக்கத்திற்காக வெள்ளிச் சிங்க விருதையும், ஜேம்ஸ் வில்பி, ஹியூ கிராண்ட் இருவருக்கும் நடிப்பு விருதையும் பெற்றது.

படத்தில் ஒரு மாற்றம் கருதத்தக்கது. நாவலில் கிளைவ் டர்ஹம் கிரேக்க நாட்டுப் பயணத்தின்போது எவ்விதக் காரணமும் காட்டாமல் மனம் மாறிவிடுகிறான். படத்திலோ, அவர்களுடைய கல்லூரித் தோழன் ரிஸ்லி பிடிபட்டுத் தண்டனை பெறுகிறான். அதைக் கண்ட கிளைவ் அச்சத்தினால் பின்வாங்குகிறான். நாவலாசிரியர் விளங்காப் புதிராக விட்டதைத் திரைக்கதை சமுதாயக் கொடுமையாக விளக்கிவிடுகிறது. வரலாற்று நோக்கில் படமே தெளிவானது. ஆனால், தன்னையே புரிந்துகொள்ளாத ஒரு மனிதனைச் சித்திரித்த நாவலின் துணிவு அதில் சற்றுக் குறைந்துவிட்டதாகவே நமக்குத் தோன்றுகிறது. இறுதியில் படம் கிளைவிடம் திரும்புகிறது. அவன் தன் மனைவியின் அருகில் நின்று, சன்னலைத் தாழிடுமுன் வெளியிருளை நோக்குகிறான். ஏற்ற விதத்தில் வாழ்ந்து, திருமணமும் செய்து, அரசியலிலும் புகுந்த அவனே இக்கதையில் பேரிழப்பு அடைந்தவன். இத்தகைய கிளைவ்களுக்கு ஆலயத்தில் நாம் மணவாசீர் கூறியிருக்கிறோம். அருகில் நின்ற மனைவியரையும் மறந்திருக்கிறோம்.

இந்தியாவில் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு இதே ஆங்கிலேய ஒழுக்கவியலின் ஏற்றுமதியே. டெல்லி உயர்நீதிமன்றம் 2009இல் அதைத் தளர்த்த, உச்சநீதிமன்றம் 2013இல் அத்தீர்ப்பை நீக்கி, 2018 செப்டம்பர் 6ஆம் நாள் வயதுவந்தோரின் இசைவான உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. 2013 வழக்கில் மேல்முறையீடு செய்தவர்களிடையே கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன என்பது நம் வரலாற்று ஏட்டில் எழுதப்படவேண்டிய செய்தி.

ஃபார்ஸ்டரின் பிரதியின் மேலுறையில், வெளியிடத்தக்கதுதான், ஆனால் வெளியிடுவதால் பயன் உண்டோ என்னும் பொருள்பட ஒரு குறிப்பு அவர் கையால் எழுதப்பட்டிருந்தது. உள்ளே சமர்ப்பணப் பக்கத்தில் எந்த ஆளின் பெயரும் இல்லை. இதனினும் மகிழ்ச்சியான ஓர் ஆண்டுக்கு அந்நூல் சமர்ப்பிக்கப்பட்டுள்ளது. எந்த ஆண்டு என்று அவர் குறிக்கவில்லை.