சத்திரத்தில் இடமுண்டு: மட்டக்களப்பின் பேரிடர்களும் கிறிஸ்தவ மனிதநேயமும்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டைக் காணும் இவ்வேளையில், கல்வி, விளையாட்டு, கலை பற்றிப் பலரும் இம்மலரில் எழுதுவார்கள். பரிசளிப்பு விழா அறிக்கைகளில் இடம்பெறாத ஒரு பணியைப் பற்றி எழுதவே நான் விரும்புகிறேன். வெள்ளமும் புயலும் கடலும் கிழக்கு மக்களை வீட்டைவிட்டு விரட்டிய வேளைகளில், கிறிஸ்தவ ஆலயங்களும் பாடசாலைகளும் கதவைத் திறந்துவைத்த வரலாறு அது.

1814 ஆம் ஆண்டு மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். பாடசாலைகளைத் தொடங்கிவைத்த அவர், அடுத்த ஆண்டே இம்மண்ணில் காலமானார். அவருக்குப் பின் மெதடிஸ்த, கத்தோலிக்க, அங்கிலிக்கன் திருச்சபைகள் ஊர்தோறும் ஆலயங்களையும் பள்ளிக்கூடங்களையும் கட்டின. மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக வீடுகள் இருந்த காலத்தில், பல ஊர்களில் உறுதியாக நின்ற கட்டடங்கள் இவைதாம். எந்தச் சமயத்தவராயினும், ஆபத்து வந்தால் மக்கள் அங்கே ஓடினார்கள்.

எமது பகுதியின் மழைக்காலம் நவம்பர் தொடங்கி ஜனவரி வரை நீடிக்கும். திருவருகைக் காலமும் நத்தாரும் அந்த மாரிக்குள்ளேயே வருகின்றன. 1957 டிசம்பர் பெருவெள்ளம் நத்தாரை ஒட்டி வந்தது. 1978 சூறாவளி நத்தாருக்கு ஒரு மாதம் முன்பு வீசியது. 2004 ஆழிப்பேரலை நத்தாருக்கு மறுநாள் எழுந்தது. சத்திரத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு குடும்பத்தின் கதையை ஆலயங்கள் வாசிக்கும் நாட்களிலேயே, ஈரத்துணியோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த குடும்பங்கள் வாசலில் நின்றன.

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை இரவு. அந்தச் சூறாவளியில் 900 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி அழிந்தது. கரையோரக் குடும்பங்களுக்குத் தேங்காயும் கிடுகும் தும்பும் ஒரே இரவில் இல்லாமற் போயின. புதிய தென்னை காய்க்க ஆறேழு வருடங்கள் காத்திருக்க வேண்டும். மீனவர்கள் தோணிகளையும் வலைகளையும் இழந்தனர். சுமார் 240 பாடசாலைகள் சேதமடைந்தன. ஆலயங்களின் ஓடுகளும் பறந்தன.

அந்த வருடம் உதவி செய்தவர்களும் இழந்தவர்களே. கூரையில்லாத வீட்டிலிருந்து வந்த ஆசிரியை, கூரையில்லாத இன்னொரு குடும்பத்துக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். குருமாரும் அருட்சகோதரிகளும் ஓடு பறந்த விறாந்தைகளில் மக்களோடு மக்களாகத் தங்கினர். வெளியிலிருந்து நிவாரணம் வந்து சேரும்வரை ஊரைத் தாங்கியது அயலாரின் பானைகளில் மிஞ்சியிருந்த அரிசிதான்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. ஆலயங்களில் வழிபாடு நடக்கும் காலை வேளையில் கடல் வந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய நிலமாகக் கிடந்த நாவலடி அழிந்தது. கல்லடி, திருச்செந்தூர், டச்பார் பகுதி மக்கள் நகரை நோக்கி ஓடிவந்தனர். நாடு முழுவதும் 30,000 இற்கும் அதிகமானோர் மாண்டனர். 5 இலட்சம் அளவிலானோர் இடம்பெயர்ந்தனர். பாடசாலைகள் தவணை விடுமுறையில் மூடியிருந்தன. பூட்டுகள் திறக்கப்பட்டு, வாங்குகளும் மேசைகளும் ஓரமாக அடுக்கப்பட்டு, வகுப்பறைகள் வீடுகளாயின.

கரித்தாஸ் எகெட், மெதடிஸ்த திருச்சபை, வை.எம்.சி.ஏ. ஆகியன பணியில் இறங்கின. கல்லடி இராமகிருஷ்ண மிஷனும் இறங்கியது. கோவில்களிலிருந்தும் பள்ளிவாசல்களிலிருந்தும் சோற்றுப் பொதிகள் வந்தன. ஒரே வகுப்பறையில் சிலுவை போட்ட தாயும் திருநீறு பூசிய தாயும் அடுத்தடுத்துப் பாய் விரித்துப் படுத்தனர்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வெளிக் குழுக்கள் உதவியோடு மதப் பிரசாரத்தையும் கொண்டுவருகின்றன என்ற குறை அந்நாட்களில் நாடெங்கும் பேசப்பட்டது. நெடுங்காலமாக இங்கேயே வாழ்ந்து பணிசெய்தவர்களுக்கு அது வேதனை தந்தது. பசித்தவரிடம் சோற்றைக் கொடுக்குமுன் சமயத்தைக் கேட்பது கிறிஸ்துவின் வழியல்ல. எமது ஊரில் கிறிஸ்தவ சேவைக்கு இன்றும் மதிப்பு இருக்கிறதென்றால், அது கேள்வி கேட்காமல் திறந்த கதவுகளால் வந்த மதிப்பு.

பெண்கள் பாடசாலையில் படித்த நாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிழக்கில் ஆழிப்பேரலையில் இறந்தோரில் பெண்களும் சிறுவருமே அதிகம் என்பதைப் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. தப்பியவர்களுக்கோ முகாம் வாழ்வு தனித் துன்பம். உடை மாற்ற மறைவிடம், பாலூட்ட ஒரு மூலை, மாதவிடாய்த் துணி, இரவில் மலசலகூடத்துக்குப் போக ஒரு விளக்கு: இவை நிவாரணப் பட்டியல்களில் இலகுவில் இடம்பெறுவதில்லை. வகுப்பறைக் கதவில் பழைய சேலையொன்றைத் திரையாகக் கட்டிவிட்டவர்கள் பெண்களே.

முதல் வாரம் எல்லோரும் வந்தார்கள். சோதனை ஜனவரியில் தொடங்கியது. பாடசாலைகள் திறக்கப்பட வேண்டும். வகுப்பறையில் இருப்பவர்களுக்கோ போக இடமில்லை. வடக்கு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்ற விதி வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. அதுவரை கூடாரங்களிலும் தகரக் கொட்டில்களிலும் காத்திருந்த மக்களிடம் விடாமல் போய்வந்தவர்கள் சிலரே. பத்திரங்கள் தொலைந்தோருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர்கள், தாயை இழந்த பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் சென்றவர்கள், உப்பேறிய கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கியவர்கள் ஆகியோரின் பணியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவிகளின் நல்மனதுக்குக் குறைவில்லை. ஆயினும் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக்கு வந்த பொதிகளில் குளிர்நாட்டு உடுப்புகளும் இருந்தன. பொதி கட்டுமுன் ஊரில் இருப்பவரிடம் கேளுங்கள். முடிந்தால் நாலாம் மாதத்துக்கும் இரண்டாம் வருடத்துக்கும் சிறிது மிச்சம் வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நன்கொடை தந்த நிறுவனங்களின் பெயர்கள் அறிக்கைகளில் இருக்கின்றன. குசினியில் நின்ற ஆசிரியைகள், விடுதிப் பொறுப்பாளர்கள், சமையற்கார அம்மாமார், காவலாளிமார் ஆகியோரின் பெயர்கள் எங்கும் இல்லை. 1957 ஐக் கண்டவர்கள் எம்மிடையே அருகிவிட்டார்கள். 1978 ஐக் கண்டவர்களுக்கும் வயதாகிறது. உங்களுக்குத் தெரிந்த பெயர்களையும், எந்த அறையில் யார் இருந்தார்கள் என்பதையும், அடுப்பு எங்கே மூட்டப்பட்டது என்பதையும் எழுதி எமது சங்கத்துக்கு அனுப்புங்கள். இனிவரும் மாரியில் திறப்பைக் கையில் எடுக்கும் அதிபருக்கும் மாணவிகளுக்கும் அது வழிகாட்டும்.