தக்காளியில் நூற்புழு எதிர்ப்பும் மரபணுக் குறிப்பான்களும்

மரபணுக் குறிப்பான் என்பது, தேடும் மரபணுவை ஒட்டிக் குரோமோசோமில் அமைந்து, அதனுடன் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்கு இறங்கும் அடையாளம். அது செடிக்கு எதிர்ப்பாற்றல் தருவதில்லை. எந்த நாற்றில் அந்த ஆற்றல் இறங்கியிருக்கிறது என்று காட்டித் தருகிறது. வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் 'எம்ஐ-1' மரபணு, பெருவியானம் என்னும் காட்டுத் தக்காளியின் கொடை. இவ்வினத்தைப் பயிர்த் தக்காளியோடு கலந்தால் விதை தேறுவதில்லை என்பதால், 1940களில் இளங்கருவைப் பிரித்தெடுத்துத் தனியே வளர்த்துத்தான் கலப்புச் செடியைப் பெற்றார்கள். அதன்பின் ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் வேரில் நூற்புழு முட்டைகளை இட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து, செடியைப் பிடுங்கி, மண்ணைக் கழுவி, மணிமணியாகத் திரண்ட முடிச்சுகளை எண்ண வேண்டியிருந்தது. அமில பாஸ்பேட்டேஸ் நொதியின் ஒரு வகை இம்மரபணுவோடு ஒட்டியே வருவதை ரிக், ஃபோப்ஸ் என்னும் ஆய்வாளர்கள் 1974இல் காட்டியபோது, சிறு இலைத்துண்டே விடை சொல்லத் தொடங்கியது.

அடையாளத்தை நம்பிப் பொருளைக் கோட்டைவிட மாட்டோமா என்ற கேள்வி நியாயமானது. இரண்டுக்கும் இடையில் குரோமோசோம் முறிந்து மாறிச் சேர்ந்தால் உறவு அறுந்துவிடும்; எதிர்ப்புள்ள சில ரகங்களில் அந்த நொதி வகை இல்லாதது இதனால்தான். இன்னும் நெருக்கமான டி.என்.ஏ. குறிப்பான்கள் 1990களில் வந்தன. 1998இல் மரபணுவே பிரித்தெடுக்கப்பட்டதால் இக்குறை பெரும்பாலும் தீர்ந்தது. குறிப்பானைக் கொண்டு தேர்ந்தெடுக்கும் இம்முறையில் நடப்பது மகரந்தத்தால் ஆகும் கலப்புதான், மரபணு மாற்றம் அன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கடினமான ஆட்சேபம் வேறு. மண் 28 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால் எம்ஐ-1 தளர்ந்துவிடுகிறது. அதை மீறி வேரில் புகும் நூற்புழுக்களும் தோன்றிவிட்டன. தமிழகக் கோடை மண்ணுக்கு இது சிறிய குறையன்று. ஆனால் இது மரபணுவின் எல்லையே தவிர, குறிப்பானின் தோல்வியன்று. சூட்டிலும் செயல்படும் எம்ஐ-3, எம்ஐ-9 ஆகியவை காட்டுத் தக்காளிகளில் அறியப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்றை எம்ஐ-1 உடன் ஒரே செடியில் சேர்க்க முயலும்போதுதான் குறிப்பானின் உண்மையான மதிப்பு புலப்படுகிறது. சூடில்லாத மண்ணில் ஒரு மரபணு உள்ள வேரும் இரண்டு உள்ள வேரும் முடிச்சின்றி ஒன்றுபோலவே இருக்கும். எவ்வளவு தேர்ந்த கண்ணும் அவற்றைப் பிரித்தறியாது. இரண்டு குறிப்பான்களைச் சோதித்தால் நாற்றங்காலிலேயே தெரிந்துவிடும். அப்படித் தேர்ந்த செடியையும் சூடான மண்ணில், அந்தந்த வட்டாரத்து நூற்புழுக்களுக்கு நடுவே நட்டு, பிடுங்கி வேரைப் பார்த்தாக வேண்டும். ஆயிரம் நாற்றுகளுக்குச் செய்ய வேண்டியிருந்த அந்த வேலை, இப்போது சில செடிகளோடு முடிகிறது.