விமானமில்லாத விமானந் தாங்கி

மட்டக்களப்புக் கடலில், நூற்றைம்பது அடிக்கு மேற்பட்ட ஆழத்தில், அறுநூறு அடி நீளமான ஒரு போர்க்கப்பல் சரிந்து கிடக்கின்றது. ஹேர்மிஸ் என்பது அதன் பெயர். சுழியோடிகள் இன்றும் அதனைக் காணச் செல்கின்றனர். விமானந் தாங்கிக் கப்பலாகவே வரைந்து, அந்நோக்கத்துடனேயே உலகில் முதன்முதலாகக் கட்டத் தொடங்கப்பட்ட கப்பல் இதுவேயாம். 1918 இல் தொடங்கி 1919 இல் நீரில் இறக்கினர். யப்பானியர் பின்னர் தொடங்கிய ஹோஷோ என்னுங் கப்பல் இதற்கு முன்னரே கட்டி முடிந்தது வேறு கதை.

இத்தகைய கப்பலுக்குள்ளே பழைய விமானங்கள் நிறைந்து கிடக்குமென எவரும் எண்ணுதல் இயல்பு. ஆனால் அது மூழ்கிய 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி அதன் தளத்தில் ஒரு விமானமேனும் இருந்ததில்லை. அதற்குரிய 814 ஆம் அணியின் சுவோட்பிஷ் விமானங்களை முன்னரே கரையிறக்கி விட்டனர். யப்பானியர் திருக்கோணமலையைத் தாக்க வருகின்றனர் என்ற செய்தி கேட்டு, துறைமுகத்தை விட்டுத் தெற்கு நோக்கி ஓடிய கப்பலை, மட்டக்களப்புக்கு அண்மையில் யப்பானிய வேவு விமானமொன்று கண்டுகொண்டது. எண்பதுக்கு மேற்பட்ட குண்டு விமானங்கள் வந்தன. ஹேர்மிஸ் வெகுவிரைவில் அமிழ்ந்தது. கப்டன் ஒன்சுலோ உட்பட 307 பேர் மாண்டனர். உடன்வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் அன்றே மூழ்கிற்று. உயிர் தப்பியோரில் ஏறத்தாழ அறுநூறு பேரை வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் எடுத்துச் சென்றது. காப்பாற்ற இரத்மலானையிலிருந்து பறந்து வந்த புல்மார் விமானங்கள் வந்து சேர்ந்தபோது ஹேர்மிஸ் கடலின் மேல் இல்லை.

அக்காலத்து விமானங்கள் எங்கே? பெரும்பாலானவை உடைந்தன, எஞ்சியவை பழைய இரும்பாய் விலைபோயின. தப்பியவை சிலவே. அவற்றுள் ஒன்றின் வரலாறு நாம் அறியத்தக்கது. W5856 என்னும் இலக்கமுடைய சுவோட்பிஷ், 1941 ஒக்ரோபர் 21 ஆந் திகதி முதலிற் பறந்தது. இரட்டைச் சிறகு, மூவர் இருக்கை, உலோகச் சட்டத்தின் மேற் போர்த்திய துணி. தோற்றத்திற் பழசு, ஆயினும் பிஸ்மார்க் என்னும் பெருங்கப்பலை முடக்கியது இவ்வகை விமானமே. W5856 கனடாவுக்குச் சென்று, போரின் பின் கைமாறி, மீண்டும் பிரித்தானியாவை அடைந்தது. அதனைக் கட்டிய பிளாக்பேர்ண் கம்பனியின் வழிவந்த பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் நிறுவனம் பழுதுபார்த்து, 1993 இல் மறுபடி பறக்கச் செய்தது. பத்தாண்டில் சிறகின் உட்சட்டங்கள் அரித்துப்போகத் தரையில் நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னர் புதுச் சிறகுகளே செய்து பூட்டினர். 2015 இல் திரும்பவும் பறந்தது.

சிறகு புதிது, துணி புதிது. அப்படியாயின் அது பழைய விமானந்தானா எனக் கேட்போருளர். எமது வாவிக்கரையிலே தோணிக்குப் பலகை மாற்றுவோரிடம் இக்கேள்வியைக் கேட்டாற் சிரிப்பார்கள். இற்ற பலகையைக் கழற்றி, அதே வளைவில் வேறொன்றை இழைத்துப் பூட்டுகிறவனுக்கு, அந்த வளைவை முன்னோர் ஏன் வைத்தனர் என்பது கையால் விளங்கும். கண்ணாடிக்குள் வைத்த பொருள் அதைச் சொல்லித் தருமா? அவ்வறிவே மீட்புப் பணியின் பெரும் பயன் என நாம் கருதுகின்றோம்.

இது மேனாட்டார்க்கே இயலும் வேலை என்றும் எண்ணற்க. போர் முடிந்ததும், கான்பூரில் அமெரிக்க லிபரேற்றர் குண்டு விமானங்களை, மீண்டும் பறவாதபடி சிதைத்துக் கைவிட்டுச் சென்றனர். பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் அவற்றை ஓரளவு ஒக்கிட்டனர். ஜம்ஷெட் முன்ஷி என்னும் விமானி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். நாற்பது விமானங்கள் வரையில் உயிர்பெற்றன. குப்பையிலிருந்து எடுத்த அவ்விமானங்களை இந்திய விமானப்படை 1968 வரை பறக்கவிட்டது! ஓய்வுபெற்ற பின் சில பிரித்தானியா, கனடா, அமெரிக்கா முதலிய நாடுகளின் காட்சிச்சாலைகளுக்குச் சென்றன. சிதைத்தவர் நாட்டுக்கே, பெங்களூர்த் தொழிலாளர் கைபட்ட விமானம் திரும்பிப் போயிற்றென்க.

இலங்கை விமானப்படையும் தான் பயன்படுத்திய பழைய விமானங்களை இரத்மலானைக் காட்சிச்சாலையில் 2009 முதற் பொதுமக்கள் காண வைத்திருக்கின்றது. கல்விச் சுற்றுலா செல்லும் எம் இளைஞர் அங்கும் ஒருமுறை நுழைவது நன்று. ஆயினும் 1942 இல் அதே இரத்மலானையிலிருந்து எம் கடலை நோக்கிப் பறந்த புல்மாரை அவர்கள் அங்கே காணமாட்டார்கள். அறுநூறளவிற் செய்யப்பட்ட அவ்வகையில், முழுமையாக எஞ்சியது ஒன்றே. 1940 சனவரியில் முதன்முதற் பறந்த N1854 என்னும் அது, இங்கிலாந்தின் யெயோவில்ற்றன் கடற்படை விமானக் காட்சிச்சாலையில், பறவாது நிற்கின்றது.