கோல் ரம்பம்: பேட்டரியும் பெட்ரோலும்

நீண்ட குழாயின் நுனியில் சிறிய சங்கிலி ரம்பம் பொருத்திய கவாத்துக் கருவி கோல் ரம்பம். கடைகளில் ‘போல் சா’ என்று கேட்டால்தான் எடுத்து வைப்பார்கள். ஏணி சாத்தாமல், மரம் ஏறாமல், தரையில் நின்றபடி உயரத்துக் கிளையை அறுப்பதற்கானது. அறுக்கும் தகட்டின் நீளம் பெரும்பாலும் 8 முதல் 12 அங்குலம். கோல் இரண்டு மீட்டரிலிருந்து நான்கு மீட்டர் வரை நீளும். பிடிப்பவரின் தோளுயரமும் சேர்வதால், 2.4 மீட்டர் கோலுக்கு ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்துக் கிளை எட்டிவிடும். கையால் இழுப்பது, மின்கம்பி இணைத்து ஓடுவது, பேட்டரியில் ஓடுவது, பெட்ரோலில் ஓடுவது என்று நான்கு வகை உண்டு. வீட்டுத் தோட்டத்துக்கு வாங்க வருபவர் திகைத்து நிற்பது கடைசி இரண்டுக்கும் நடுவில்தான்.

தமிழர் தோட்டங்களில் இதற்கு மூத்த உறவு தொரட்டி. மூங்கில் கழியின் நுனியில் வளைந்த அரிவாளைக் கட்டி, ஆட்டுக்குத் தழை ஒடிக்கவும் முருங்கைக்காய் பறிக்கவும் வைத்திருப்பது. சில பகுதிகளில் அதை அலக்கு என்பார்கள், யாழ்ப்பாணத்தில் கொக்கத்தடி. விரல் பருமன் வரை தொரட்டி சுத்தமாக வெட்டும். அதற்கு மேல் போனால் கிளை முறியும்போது பட்டையையும் நார்நாராக உரித்துக்கொண்டு வரும். மணிக்கட்டுப் பருமனுக்கு ரம்பம்தான் வழி. ஜப்பானிய சில்கி நிறுவனத்தின் கைரம்பக் கோல்களில் ஆறு மீட்டர் வரை நீளும் வகைகள்கூட உண்டு. இழுக்கும்போது மட்டும் அறுக்கும் பற்கள் கொண்ட இவற்றை, ஆண்டுக்கு நாலைந்து கிளை மட்டுமே கழிக்கிற வீட்டுக்காரர் முதலில் எண்ணிப் பார்க்கலாம். எஞ்சினும் வேண்டாம், சார்ஜரும் வேண்டாம்.

சங்கிலி ரம்பத்தின் கதை மரத்தில் தொடங்கவில்லை, மருத்துவத்தில் தொடங்கியது. 1780களில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் எய்ட்கனும் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும், பல் வைத்த மெல்லிய சங்கிலியின் இரு முனைகளிலும் கைப்பிடி மாட்டி எலும்பு அறுக்கப் பயன்படுத்தினர். பிரசவத்தில் குழந்தை வெளிவர இடமில்லாதபோது இடுப்பெலும்பின் முன் இணைப்பைப் பிரிப்பது எய்ட்கனின் நோக்கம். நோயுற்ற மூட்டு எலும்பை அகற்றுவது ஜெஃப்ரேயின் நோக்கம். 1785இல் வெளியான தன் பிரசவ மருத்துவ நூலில் எய்ட்கன் அதன் படத்தைச் சேர்த்தார். 1830இல் ஜெர்மானிய மருத்துவர் பெர்ன்ஹார்டு ஹைனே, தகட்டைச் சுற்றி முடிவின்றி ஓடும் சங்கிலியைக் கைப்பிடியால் சுழற்றும் கருவியைச் செய்தார். இன்றைய செயின் சாவின் உருவம் முதன்முதலாகத் தெரிவது அந்த எலும்பு ரம்பத்தில்தான்.

காட்டுக்குள் அது வரச் சுணங்கியது. கலிபோர்னியாவின் ராட்சத செம்மரங்களை மனதில் வைத்து, சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சாமுவேல் பென்ஸ் 1905இல் முடிவிலாச் சங்கிலி ரம்பத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1926இல் ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் மின்சாரத்தில் ஓடும் ரம்பத்தைச் செய்தார். அது ஒரு ஆளால் தூக்கக்கூடியதல்ல, இருவர் வேண்டும். 1927இல் எமில் லெர்ப், துரிங்கியாவில் உள்ள டோல்மார் மலையில் பெட்ரோல் ரம்பத்தை ஓட்டிப் பார்த்தார். அந்த மலையின் பெயரே கம்பெனியின் பெயராயிற்று. 1929இல் ஸ்டிலும் பெட்ரோலுக்கு மாறினார். ஆக, மின்சாரமா பெட்ரோலா என்ற கேள்விக்கு இன்று வயது ஏறக்குறைய நூறு. முதல் சுற்றில் பெட்ரோல் வென்றதற்குக் காரணம் எளிது: காட்டில் மின்கம்பம் கிடையாது.

அடுத்த திருப்பம் ஒரு புழுவால் வந்தது. 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, அடிமரம் ஒன்றில் வண்டின் புழு குடைவதைக் கவனித்தார். இடமும் வலமுமாக வளைந்த தாடைகளை மாறி மாறி அசைத்து, மரத்தின் நார் ஓடும் திசையைப் பொருட்படுத்தாமல் அது குடைந்துகொண்டு போயிற்று. அதைப் பார்த்துச் சங்கிலிப் பற்களை அவ்வாறே வளைத்தார். 1947இல் அவர் தொடங்கிய கம்பெனி பின்னர் ‘ஆரிகன்’ என்ற பெயரில் உலகெங்கும் செயின் விற்றது. இன்று கோல் ரம்பத்தின் நுனியில் ஓடுவதும் அந்தப் புழுத்தாடையின் சிறிய வடிவமே. எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் பெட்ரோலை ஊட்டும் டயாஃப்ரம் கார்புரேட்டரும், எரிபொருளோடு கலந்தே ஆயில் போகும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினும் கைகோத்த பிறகு, ரம்பத்தைக் கோலில் ஏற்றுவது நடைமுறைக்கு வந்தது. சாய்த்தால் நின்றுபோகும் எஞ்சினைக் கோலின் அடியில் மாட்டி என்ன பயன்?

பேட்டரியின் பாதை தனி. பிளாக் அண்ட் டெக்கர் 1961இல் கம்பியில்லா டிரில்லைக் கொண்டுவந்தது, மகிட்டா 1969இல். இரண்டும் லித்தியம் பேட்டரிக்கு முந்தைய காலத்தவை. துளை போடலாம், மரம் அறுக்க முடியாது. சோனி 1991இல் லித்தியம்–அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது கைக்கருவிகளுக்கு வந்து சேர 2005 ஆயிற்று. அதன் அடிப்படையை அமைத்த குடினஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. தோட்டக் கருவிக் கடையின் அலமாரி மாறியது இந்தக் கடைசி இருபது ஆண்டுகளில்தான்.

இனி வாங்குபவரின் கணக்கு. அட்டைப்பெட்டியில் எடையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது எடை எங்கே இருக்கிறது என்பதை. பெட்ரோல் கோல் ரம்பத்தில் எஞ்சின் அடிமுனையில் இருக்கும், குழாய்க்குள் ஓடும் தண்டு நுனிக்கு விசையைக் கொண்டுபோகும். மொத்த எடை ஆறு, ஏழு கிலோ வந்தாலும், தோள்வாரில் மாட்டினால் தராசு போல் நிற்கும். விலை குறைந்த பேட்டரி வகைகள் பலவற்றில் மோட்டார் நுனியிலேயே இருக்கிறது. மொத்தம் நான்கு கிலோதான், ஆனால் தலைக்கனம். நுனியில் ஒன்றரைக் கிலோ, முன்கையிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்கை அறுபது சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், கோல் கிடையாக நிற்கும்போது அந்தக் கை ஆறு கிலோவுக்கு மேல் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கோலை 60 பாகை உயர்த்தினால் அது பாதியாகிவிடும். அதற்கு மேல் செங்குத்தாக்கினால் அறுந்த கிளை பிடிப்பவரின் தலைக்கு நேரே வரும் என்பதால், 60 பாகையே பல கையேடுகள் சொல்லும் எல்லை. மோட்டாரையும் பேட்டரியையும் அடியில் வைத்த பேட்டரி ரம்பங்களும் உண்டு. விலை கூடுதல், அந்த விலைக்குத் தகுதியானவை.

பெட்ரோல் வகைகளில் எஞ்சின் பொதுவாக 25 முதல் 36 சிசி. நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50:1. சாதா ஆயில் கேட்கும் மலிவு எஞ்சின்களுக்கு 40 மில்லி. தேக்கிவைக்கும் ஆற்றலில் பெட்ரோலோடு பேட்டரி மோத முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9,000 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் அதில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடித்தாலும், மிஞ்சுவது 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பேட்டரிகள் சுமார் பத்துக்கு ஈடாகும். ஏற்காடு, குடகு காப்பித் தோட்டங்களில் மழைக்கு முன் நிழல் மரங்களைக் கழிப்பது போன்ற நாள் முழுவதுமான வேலைக்குப் பெட்ரோலைத் தவிர வேறு வழி தேடுவது வீண். கேனில் இரண்டு லிட்டர் கொண்டுபோனால் மாலை வரை ஓடும்.

வீட்டுத் தோட்டத்தில் கதை மாறுகிறது. அங்கே எஞ்சின் ஓடும் நேரத்தைவிடச் சும்மா கிடக்கும் நேரமே அதிகம், எஞ்சினைக் கெடுப்பதும் அதுதான். இந்தியாவில் 2025இல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. சிறு எஞ்சின் தயாரிப்பாளர்கள் பலரின் கையேடுகள் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும், கார்புரேட்டரின் ரப்பர் டயாஃப்ரத்தை இறுகச் செய்யும். பொங்கலுக்குக் கவாத்து செய்துவிட்டு வைத்த இயந்திரம் ஆடியில் கயிறு இழுத்து இழுத்துத் தோள் வலித்தும் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்கு இதுவே வழக்கமான காரணம். டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும் வரை ஓடவிட்டு வைக்க வேண்டும். செய்பவர் குறைவு.

பேட்டரி வாங்குவோர் ஏமாறும் இடம் வோல்ட் எண். ‘20 வோல்ட்’ என்று பெரிய எழுத்தில் போட்டது பெரும்பாலும் 18 வோல்ட் பேட்டரிதான். ‘40’ என்பது 36. முழுசாகச் சார்ஜ் ஏறிய கணத்து அளவை அட்டையில் அச்சடிப்பது விளம்பரக்காரர் வழக்கம். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வருவதே உண்மையான கொள்ளளவு: 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி. சித்திரை வெயிலில் அறுத்துவிட்டுச் சூட்டோடு சார்ஜரில் மாட்டினால் நல்ல சார்ஜர் ஏற்றாது, ஆறும் வரை காத்திருக்கும். அது கோளாறல்ல. ஒரு கம்பெனி பேட்டரி மற்றொன்றில் பெரும்பாலும் பொருந்தாது என்பதும் நினைவிருக்க வேண்டும்.

ஓசையிலும் அதிர்விலும் விவாதத்துக்கு இடமில்லை. பெட்ரோல் எஞ்சினுக்குக் காதடைப்பான் கட்டாயம், பேட்டரிக்கு இருந்தால் நல்லது. கை நரம்புகளையும் ரத்த நாளங்களையும் கெடுத்து விரல்களை வெளிறவைக்கும் நோய் அதிர்வால் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை, எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்டு 2.5 மீட்டர்/வினாடி² என்ற அளவில் எச்சரிக்கையையும், 5 என்ற அளவில் தடையையும் வைத்திருக்கிறது. கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போய், 2024 மாடல் முதல் பெரும்பாலான புதிய சிறு எஞ்சின் தோட்டக் கருவிகளைப் புகையற்றதாக்கச் சட்டம் செய்தது. இலை ஊதும் எஞ்சின் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால், கார் ஒன்று 1,100 மைல் ஓடியதற்குச் சமமான மாசு வரும் என்பது அந்த மாநிலக் காற்றுவள வாரியத்தின் கணக்கு.

எந்த வகையானாலும் அறுக்கும் முறை ஒன்றே. தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடிப்பக்கம் சிறு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு வெட்டு, பிறகு மிஞ்சிய குச்சத்தைக் கிளைக் கழுத்தின் தடிப்புக்கு வெளியே அறுத்து எடுப்பது. தண்டோடு ஒட்ட அறுப்பதே அழகு என்று நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ, மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுவர் எழுப்பி அடைக்கிறது என்று 1970களில் காட்டினார். கழுத்தை வெட்டினால் அந்தச் சுவர் சரியாக எழாது. பேட்டரி, பெட்ரோல் இரண்டு வகைக்கும் செயின் ஆயில் வேண்டும். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுவது பம்பையும் கெடுக்கும், மண்ணையும் கெடுக்கும். முருங்கைக்குக் கோல் ரம்பமே தேவையில்லை, அதன் கட்டை அவ்வளவு மென்மை. நெடிய தென்னைக்கோ எந்தக் கோலும் எட்டாது.

மின்கம்பி அருகில் கிளை இருந்தால் பேச்சே வேறு. அலுமினியக் கோல் மின்சாரத்தைக் கடத்தும், பேட்டரி என்பதால் பாதுகாப்பு கூடிவிடாது. கையேடுகள் கம்பியிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கின்றன. நம் தெருக்களில் அந்த இடைவெளி கிடைக்காது என்பதால், அந்தக் கிளையை மின்வாரியத்திடம் விட்டுவிட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையின்போது அவர்கள் கழிப்பது வழக்கம்.

இன்றைய இந்தியச் சந்தையில் புல்வெட்டி எஞ்சினோடு ரம்ப முனை சேர்த்த பெட்ரோல் வகைகளும், சிறு பேட்டரி ரம்பங்களும் இணையத்தில் ஏராளம். பத்து மரத்துக்கு உட்பட்ட வீட்டுக்கு 36 வோல்ட் பேட்டரி வகை போதும். டிரில்லுக்கு ஏற்கெனவே 18 வோல்ட் பேட்டரி வைத்திருப்பவர் அதே கம்பெனியின் வெறும் கருவியை வாங்கினால் செலவு நன்றாகக் குறையும். எதுவானாலும், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பேட்டரியை மாட்டி அல்லது டேங்கை நிரப்பி, கோலை முழுதாக நீட்டி, இரண்டு நிமிடம் உயர்த்திப் பிடித்துப் பாருங்கள்.