காந்தள் சூடும் துப்பாக்கிகள்

பழைய வேட்டைத் துப்பாக்கிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரும்பிலிருந்தே தொடங்குகின்றனர். குழலில் பொறித்த எண், செய்த நிறுவனத்தின் முத்திரை, விற்ற கடையின் பேரேடு, உரிமத்தில் உள்ள பெயர் ஆகியவற்றைக் கோத்தால் ஒரு துப்பாக்கியின் வாழ்க்கை வரலாறு ஏறத்தாழக் கிடைத்துவிடும். இதற்கு ஜிம் கார்பெட்டின் துப்பாக்கியைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

குமாவோன் மலைப்பகுதியில், சம்பாவத் என்னும் ஊரை ஒட்டி 436 மனிதர்களைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலியை 1907ஆம் ஆண்டு கார்பெட் சுட்டு வீழ்த்தினார். அதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹெவெட் அவருக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தார். லண்டனில் ஜான் ரிக்பி நிறுவனம் செய்த .275 ரைஃபிள் அது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எதற்காக என்ற மூன்றையும் சொல்லும் வெள்ளித் தகடு அதன் கட்டையில் பதிக்கப்பட்டுள்ளது. 1947இல் கார்பெட் கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார். 1955இல் அங்கேயே மறைந்தார். துப்பாக்கி, அவருடைய நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரிடம் சென்றது. 2015இல் அதைச் செய்த நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஒரு நூற்றாண்டுப் பயணத்தின் ஒவ்வொரு கைமாற்றமும் இங்கே தெளிவாக இருக்கிறது. கார்பெட்டுக்கு மனைவி மக்கள் இல்லை. அதனால் துப்பாக்கி ஒரு வீட்டின் சொத்தாகாமல் நிறுவனத்திலிருந்து நிறுவனத்துக்குப் போயிற்று. நான் இங்கே எழுத விரும்புவது இதற்கு நேர்மாறான ஒரு வரலாற்றை. தகடு இல்லாத, பேரேட்டில் ஏறாத, ஆனால் பிறப்பிலும் இறப்பிலும் அறுவடையிலும் குரல் கொடுத்த துப்பாக்கிகளின் வரலாறு அது. அதைத் தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. காவிரி பிறக்கும் குடகில் அது இருக்கிறது.

*

குடகின் கொடவர்கள் தம் குலத்தை 'ஒக்க' என்பர். வள்ளுவர் இல்வாழ்க்கை அதிகாரத்தில் சுற்றத்தைக் குறிக்க ஆளும் 'ஒக்கல்' என்ற சொல்லின் உறவு இது. ஒரு முன்னோர் வழிவந்த ஆண்களும் அவர்தம் மனைவி மக்களும் ஓர் ஒக்க. அவர்களுக்குப் பொதுவாக ஐன்மனை என்னும் மூத்த வீடு. அதனருகே முன்னோரை வழிபடும் கைமட. பழைய வழக்கில் நிலம், வீடு, கால்நடை போலவே ஆயுதமும் ஒக்கவின் சொத்து. தனி மனிதன் அதை ஏந்தலாம், உடைமை குலத்தினுடையது.

சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ் 1952இல் வெளியிட்ட கூர்க் மக்களின் சமயமும் சமூகமும் பற்றிய நூல், இச்சடங்குகளை விரிவாகப் பதிவு செய்தது. ஆண் குழந்தை பிறந்தால் முற்றத்தில் துப்பாக்கி ஒருமுறை வெடிக்கும். ஆமணக்குத் தண்டில் செய்த சிறு வில்லும், இலைக்காம்பில் செய்த அம்பும் குழந்தையின் கையில் வைக்கப்படும். வில் மறைந்து வெடிமருந்து வந்த பின்னரும் வில்லைக் கைவிடாமல் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்ட நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வீட்டில் ஒருவர் இறந்தால் அடுத்தடுத்து இரண்டு வெடிகள். மலைச்சரிவுகளில் தனித்தனியே, காப்பித் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே அமைந்த வீடுகளுக்கு அதுவே தந்தி. ஒலியை எண்ணி, எந்தத் திசை என்று அறிந்து, அண்டை வீட்டார் கிளம்பி வருவர். புத்தரி என்னும் புதுநெல் விழாவில் முதல் கதிரை அறுக்கும்போதும் வெடி உண்டு.

ஆகவே ஒரு குடகு வீட்டில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றைப் பார்த்தால், 'இது எத்தனை விலங்குகளைக் கொன்றது?' என்பது முதற்கேள்வியாக இருக்க முடியாது. 'இது யார் யார் பிறந்ததைச் சொல்லியது? யார் யார் போனதைச் சொல்லியது?' என்று கேட்க வேண்டும். தாத்தா பிறந்தபோது ஒருமுறையும் இறந்தபோது இருமுறையும் முழங்கிய அதே குழல், பேரன் பிறந்தபோதும் முழங்கியிருக்கும். பெண் குழந்தையின் பிறப்பை அது பழைய வழக்கில் சொன்னதில்லை என்பதும் அந்த வரலாற்றின் ஒரு பகுதிதான்.

செப்டம்பர் தொடக்கத்தில், நாற்று நடவு முடிந்த பின், கைல்போள்து என்னும் ஆயுத விழா வருகிறது. வயல்வேலைக் காலம் முழுவதும் வழிபாட்டறையில் ஓய்ந்திருந்த ஆயுதங்கள் துடைக்கப்பட்டு, பூச்சூட்டி, விளக்கின் முன் வைக்கப்படுகின்றன. பூசைக்குப் பின் அவை ஆடவர் கைக்கு வரும். இனிப் பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கும் காலம் என்பது பழைய பொருள். அன்று பன்றிக்கறியும் கடம்பிட்டும் விருந்து. மரத்தில் உயரக் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டி.

துப்பாக்கிக்குச் சூட்டும் அந்தப் பூவைக் கொடவர்கள் 'தோக்குப் பூ' என்கிறார்கள். தோக்கு என்றால் துப்பாக்கி. மலையாளத்திலும் அதே சொல்தான். அந்தப் பூ வேறொன்றுமில்லை, நம் செங்காந்தள். சங்கப் புலவர்கள் குறிஞ்சி நிலத்துக்கு உரியதாக்கிய காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடும் நச்சுக்கிழங்கின் மலர். தீக்கொழுந்து போன்ற அதன் இதழ்களைக் குழல்வாயில் செருகி வைக்கும்போது, வெடித்த கணத்தில் உறைந்துபோன துப்பாக்கி போலவே தோன்றும்.

*

ஆனால் ஒரு வீட்டில் துப்பாக்கி தலைமுறைகள் தாண்டி எஞ்சியிருக்கிறது என்றால், அதை எஞ்சவிட்ட ஓர் அரசு இருந்தது என்று பொருள். வீட்டு வரலாற்றை மட்டும் பேசுவோர் இந்த இடத்தை மெல்லக் கடந்துவிடுகிறார்கள்.

தமிழகத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 1801இல் பாளையக்காரர் கிளர்ச்சி முடிவுக்கு வந்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பரில் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் தென்பாளையங்களுக்கு ஓர் அறிவிக்கை வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். வீட்டுக்கு வீடு வேலும் வளரியும் துப்பாக்கியும் இருந்த ஒரு நிலம் அத்தோடு கையிழந்தது. நம் ஊர்களில் ஆயுதம் தெய்வத்தின் கையில் மட்டுமே தங்கியது. சில அய்யனார் கோயில் வாசல்களில் துப்பாக்கியேந்திய சிப்பாய்ச் சிலைகளைக் காணும்போதெல்லாம், மனிதரிடமிருந்து பறித்ததை மக்கள் மண்ணில் செய்து திரும்ப வைத்துக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

குடகின் கதை வேறு வழியில் போயிற்று. 1834இல் கும்பினியார் அரசர் சிக்க வீரராஜேந்திரரை அகற்றி நாட்டை எடுத்துக்கொண்டனர். 1837இல் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளில் தொடங்கி மங்களூர் வரை ஒரு கிளர்ச்சி பரவியது. அதை அடக்கக் கும்பினியாருக்குக் கொடவர்களில் பலர் துணை நின்றனர். அவர்களுக்குப் பொன்னிலும் வெள்ளியிலும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான குட்டெமனெ அப்பய்ய கௌடர் அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று மடிக்கேரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.

1857க்குப் பின் நாடு முழுவதும் ஆயுதக் களைவுச் சட்டம் வந்தபோது குடகுக்கு விலக்கு கிடைத்தது. மைசூர், குடகுப் பகுதிகளின் ஆணையர் மார்க் கப்பன் 1861 பிப்ரவரியில் அதற்கான ஆணையைப் பிறப்பித்தார். குடகு மக்களின் மானத்தையும் விசுவாசத்தையும் துணிவையும் காரணமாகக் குறிப்பிட்டது அந்த ஆணை. நெடுங்காலப் பணி முடித்து இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில், அவ்வாண்டு ஏப்ரலில், அவர் சூயஸில் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற விலக்கு மட்டும் சாகவில்லை.

கொடவர்களோடு ஜம்மா நிலம் உடையோருக்கும் இவ்விலக்கு உண்டு. படைப்பணிக்கு ஈடாக, குறைந்த வரியில், வழிவழியாக ஆண்டுவரும் நிலமே ஜம்மா. நிலமும் ஆயுதமும் ஒரே கடப்பாட்டின் இரு முகங்களாக இருந்தன. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலும் இவ்விலக்கு தொடர்ந்தது. 2019 அக்டோபரில் நடுவண் அரசு அதை மேலும் பத்தாண்டுகளுக்கு, 2029 வரை, நீட்டித்தது. இனத்தின் பெயராலும் நில உடைமையின் பெயராலும் தரப்படும் சலுகை அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று தொடுக்கப்பட்ட வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது.

இரு நிலங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். எதிர்த்தவனிடமிருந்து பறித்ததும், துணை நின்றவனிடம் விட்டுவைத்ததும் ஒரே ஆட்சிதான். குடகு வீட்டின் துப்பாக்கியில் வெள்ளித் தகடு இல்லை என்று மேலே சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத தகடு ஒன்று அதிலும் இருக்கிறது. கப்பனின் ஆணைதான் அது. கார்பெட்டின் துப்பாக்கியைப் போலவே இதுவும் ஆட்சியின் நன்றிக்கடன். எனினும் அந்த நன்றிக்கடனைக் கொடவர்கள் தம் பிறப்புக்கும் இறப்புக்கும் உரியதாக மாற்றிக்கொண்டார்கள். ஆண்டவர்கள் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பின்னும் அது முழங்குவதற்குக் காரணம் இந்த மாற்றமே.

*

வேட்டைக்கு வருவோம். கொடவ மொழியில் 'நரி' என்றால் புலி. நம் நரியைத் தேடி அவர்கள் பாடல்களுக்குள் போகிறவர் திகைத்துப்போவார். புலியைக் கொன்றவனுக்கு 'நரிமங்கல' என்ற சடங்கு நடந்தது. புலியோடு நடக்கும் திருமணம் என்று சொல்லத்தக்கது. பந்தலின்கீழ், தொங்கவிட்ட புலியின் அருகே வேட்டைக்காரன் மணமகன் கோலத்தில் அமர்ந்திருப்பான். ஊரார் வரிசையாக வந்து அரிசி தூவி வாழ்த்திக் காணிக்கை தருவர். கன்னத்தில் இறங்கும் 'கல்லெ மீசை' வைத்துக்கொள்ளும் உரிமையும் அவனுக்கு வரும். புலிப்பல் கோத்த தாலியைப் பிள்ளைகளுக்கு அணிவித்த சங்கச் சமூகத்தின் தொலைதூர உறவாக இது எனக்குத் தோன்றுகிறது. கொல்லப்பட்ட விலங்கின் ஆவியோடு உறவு பூண்டு அதைத் தணிக்கும் அச்சமும் மரியாதையும் இதில் இருக்கின்றன.

பந்தலில் அமர்ந்தவனின் பெயரை ஒக்க நினைவில் வைத்திருக்கும். புலி படுத்திருந்த புதரைக் காட்டியவன் யார்? பறை கொட்டிக் கலைத்தவன் யார்? எரவர்களும் குறும்பர்களும் அந்தக் காட்டை உள்ளங்கைபோல் அறிந்தவர்கள். எரவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையடிமைகளாக இருந்தவர்கள். ஜம்மா நிலம் இல்லாததால் ஆயுத விலக்கும் அவர்களுக்கு இல்லை. புலி பாய்ந்தால் முதலில் அகப்படும் இடத்தில், வெறுங்கையோடு நின்றவர்களின் பெயர் எந்தத் துப்பாக்கியின் கதையிலும் வருவதில்லை. வேட்டை நினைவுகளின் பெரும் மௌனம் இது. குமாவோனானாலும் குடகானாலும் நம் பழைய ஜமீன்களின் காடுகளானாலும் இதில் வேறுபாடு இல்லை.

*

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் காலம் முடிந்தது. அது முடிந்தே ஆக வேண்டியிருந்தது. அன்றுமுதல் வேட்டைத் துப்பாக்கி என்பது வேட்டையில்லாத துப்பாக்கி. ஔவையார் தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்துப் பாடியதாக வரும் புறநானூற்றுப் பாட்டு பலருக்கும் நினைவிருக்கும். மாலை பெற்றுப் பளபளக்கும் ஆயுதம் களம் காணாதது. களம் கண்டதோ முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கிறது என்பது அதில் உள்ள அங்கதம். இன்று குடகின் துப்பாக்கிகள் தொண்டைமான் பக்கத்துக்கு வந்துவிட்டன. காந்தள் சூடி அமைதியாக இருக்கின்றன. இதை இழிவென்று நான் கருதவில்லை. கொல்வதை நிறுத்திய பின்னும் ஒரு கருவிக்குச் சொல்ல வேண்டிய செய்தி எஞ்சியிருப்பது அரிய பேறு.

ஆனால் அந்தச் செய்தி காகிதத்தில் இல்லை. நடிகேரியண்ட சின்னப்பா 1924இல் 'பட்டோளெ பழமெ' என்ற தொகுப்பில் கொடவர்களின் பாடல்களையும் வழக்கங்களையும் அச்சேற்றியிராவிட்டால் எவ்வளவோ மறைந்திருக்கும். ஒவ்வொரு வீட்டுத் துப்பாக்கிக்கும் ஒரு சின்னப்பா கிடைக்க மாட்டார். ஒக்கக்கள் சிதறி, பிள்ளைகள் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போனபின், துப்பாக்கியின் எண் அரசுப் பதிவில் இருக்கும். அது யாருக்காக இருமுறை முழங்கியது என்பது மூத்தவர்களோடு போய்விடும்.

பழைய துப்பாக்கி உள்ள வீட்டில் இன்னும் முதியவர்கள் இருப்பார்களேயானால், அவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டியவை நான்குதான். இது எப்படி இந்த வீட்டுக்கு வந்தது? இதை வைத்துக்கொள்ள நம்மை விட்டவர் யார், எதற்காக விட்டார்? இது யாருக்காக முழங்கியது? வேட்டைக்குப் போனபோது உடன்வந்தவர்களின் பெயர் என்ன? முதல் மூன்றுக்கும் பெருமையோடு விடை வரும். நான்காவதற்கு ஒரு பெயராவது நினைவுக்கு வந்தால், அதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.